கூ சொல்லாத ஆட்டம்

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஏமாற்றம்தான். இங்கே குரு, முப்பிடாதி என்கிற முப்பத்து சில வயதுப் பெண். சீடர் பலவேசம், பஸ் ஓட்டி ஓய்ந்து பென்ஷன் வாங்குகிறவர். குருவைவிட மிகவும் மூத்தவர்.

செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பாக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, காட்டில் பிழைக்கும் வித்தைகளைச் சொல்லிக்கொடுப்பது முப்பிடாதியின் தொழில். தீக்குச்சி இல்லாமல் கட்டையைக் கடைந்து நெருப்பு மூட்டுவது, கற்றாழை நாரில் கயிறு திரிப்பது, தழையால் குடில் போடுவது, இப்படி. நடுநடுவே விளையாட்டும் உண்டு. பாக்கு மட்டையில் ஒருவரை உட்காரவைத்துச் சரிவில் இழுப்பார்கள். ஒளிந்து பிடிப்பார்கள். சனி, ஞாயிறுகளில் மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து கத்தித் தீர்ப்பார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் தோப்புக்கு மூச்சு வரும்.

பலவேசம் மட்டும் கிளம்பவில்லை. கற்றுக்கொள்ள வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

அவருடைய ஒரே மகன் அரவிந்த், போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தென்காசி வீட்டுக்குத் துட்டி கேட்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு முறை. செத்த வீட்டுக்குப் போய், நடந்ததை முதலிலிருந்து கேட்டு, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வருவார்கள். வருகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை. சொல்கிறவர்களுக்குத் தினமும் வேலை.

ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய பலவேசம், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். உள்ளே போகாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார். உள்ளே உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி சொர்ணத்தாய்.

காட்டு வித்தை அவருக்கு மளமளவென்று வந்தது. வாயைத் திறக்காமல் வேலை செய்கிற ஆளுக்கு எந்த வித்தையும் வரும். மழை நாளில்கூட ஈரமில்லாத கட்டையைத் தேடிப்பிடித்து நெருப்பு மூட்டிவிடுவார். மூட்டிவிட்டுச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு மண்ணைத் தள்ளி அணைத்துவிடுவார்.

"அதுல ஒரு கிழங்கையாவது சுடலாம்லா அண்ணாச்சி?" என்று முப்பிடாதி ஒரு தடவை கேட்டாள்.

"பசிக்கலை டீச்சர்" என்றார்.

பாக்கு மட்டையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பிள்ளைகள் கூப்பிட்டால் இடுப்பு வலி என்பார்.

அன்று புதன்கிழமை. தோப்பில் வேறு யாருமில்லை. பலவேசம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி போனைக் கையில் பிடித்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, தென்காசியில இருந்து உங்க வீட்டு அக்கா பேசினாவ."

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறுதாவளாம். இனிமே தங்கச்சி வீட்டோடதானாம். வீட்டுச் சாவியை ஓனர்ட்ட குடுத்துருவாவளாம்."

பலவேசத்தின் கை நிற்கவில்லை.

"நீங்க வாரேன்னா போகாம இருந்துக்கிடுதேன்னு சொன்னாவ. வரலைன்னாலும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாவ. இத்தனை நாளா வார சனத்துக்கெல்லாம் ஒத்தையில பதில் சொல்லிச் சொல்லி அவியளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. பேசுதது எனக்கே சரியா கேக்கலை."

"படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லிருங்க."

"அதைத்தான் எப்பவும் சொல்லுதேன். சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு கூசுது."

பலவேசம் கயிற்றைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மேல எஸ்டேட்ல ஒரு ஷெட் ஆளில்லாம கெடக்குல்லா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த மேனேஜர் என்னை அங்க இருக்க விட்டுருவாரு. தனியா இருந்துக்கிடுவேன். நெருப்பு தெரியும், தண்ணி பாக்கத் தெரியும், குடில் போடத் தெரியும். நான் தேறிட்டனா?"

"அங்க போய் என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஓஞ்சு போச்சு டீச்சர். ஒருத்தரும் வந்து என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது. அம்புட்டுதான்."

முப்பிடாதிக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் பிய்த்துப் போட்டுவிட்டுப் போன குடில்களை இரண்டு நாளாக ஒற்றை ஆளாய்ச் சரிசெய்திருந்தாள். முட்டிக்குக் கீழே கால் அவளுடையதாகவே இல்லை. தேறிவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவளுக்கு ஒரு போனாவது குறையும். அதை நினைத்தும் பார்த்தாள்.

"ஒரு பாடம் பாக்கி இருக்கு" என்றாள்.

"என்ன பாடம்?"

"ஒளிஞ்சு பிடிச்சு."

பலவேசம் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிற முகமாக இல்லை.

"இந்த வயசுலயா?"

"எல்லாரும் ஆடிட்டுத்தான் போயிருக்காவ. நீங்க மட்டும் டிமிக்கி குடுத்துட்டிய. ஓடைக்கு அங்கிட்டு போகக் கூடாது. ஒளிஞ்ச பிறகு ஒரு தடவை கூ சொல்லணும். இது காடு, அதனால எங்கிட்ட அது ஒரு விதி. நான் தேடுதேன். என் கையில சிக்காட்டா, எஸ்டேட்டுக்கு நானே கூட்டிட்டுப் போயி விடுதேன்."

அவள் பாக்கு மரத்தில் முகத்தைச் சாய்த்து எண்ண ஆரம்பித்தாள்.

பலவேசம் ஒளிந்த அழகைச் சொல்லியாக வேண்டும். கால்தடம் தெரியாமல் ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்தார். கல்மேல் ஏறி, கல்விட்டுக் கல் தாண்டினார். நரைத்த தலையிலும் முகத்திலும் சேற்றைப் பூசிக்கொண்டார். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அடியில் பள்ளம் இருந்தது. அதில் படுத்து, காய்ந்த சருகைக் காலிலிருந்து கழுத்துவரை இழுத்து மூடினார். முகத்துக்கு மேலே ஒரு தழை. அவள் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அவளுக்கு எதிராகவே செய்து முடித்தார்.

கூ மட்டும் சொல்லவில்லை.

முப்பிடாதி வந்தாள். அவள் கால் அவர் கண்ணுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டாள். பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் நகர்ந்து போனாள். ஓடைப் பக்கமிருந்து கூப்பிட்டாள். சரிவின் மேலிருந்து கூப்பிட்டாள். "ஒரு கூ குடுங்க அண்ணாச்சி!" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்புறம் குரல் வரவில்லை.

முதலில் நிம்மதியாக இருந்தது. எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டார். வெயில் தழையிலிருந்து இறங்கி அடிமரத்துக்குப் போனது. பதுங்கி வருகிறாள் என்று நினைத்தார். சருகு அசைந்தபோதெல்லாம் அவள்தான் என்று நினைத்தார். ஒரு அணில் போனது. வேறு யாரும் வரவில்லை. இடுப்பு நிஜமாகவே வலித்தது.

மறந்துவிட்டாளா?

அந்த நினைப்பு வந்ததும் அவருக்குப் பயமாகிவிட்டது. கரடிக்கும் பாம்புக்கும் பயப்படாத மனிதருக்குத் தோப்புக்கு நடுவில், பகல் வெளிச்சத்தில், பயம். கூ சொல்லலாமா என்று பார்த்தார். இவ்வளவு நேரம் கழித்து எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தார். வெயில் மொத்தமாக இறங்கியதும் எழுந்து, ஒட்டிய சருகோடு நடந்து வந்தார்.

முப்பிடாதி அடுப்படியில் உட்கார்ந்து வெந்நீரில் காலை வைத்திருந்தாள். பக்கத்தில் கடுங்காப்பி.

"என்ன டீச்சர், தேடவே இல்லையா?"

"தேடினேன்லா."

"எதுவரைக்கும்?"

"கால் கடுக்குத வரைக்கும்."

"பெறகு?"

"பெறகு வந்து காப்பி போட்டேன்."

பலவேசத்துக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

"ஒரு மனுசன் அங்க கெடக்கான்! அவனை அப்படியே விட்டுட்டு வந்து காப்பி குடிப்பியளா? பூச்சி பொட்டு கடிச்சிருந்தா என்ன ஆவுறது?"

"நீங்க கூ சொல்லலியே. ஆட்டம் பிடிக்காம எங்கயாவது போய்ட்டியளோன்னு நெனச்சேன்."

"எங்க போவேன்? அங்கனதான் கெடந்தேன். நீங்க கூப்பிட்டதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுதா?"

"கேட்டுது."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

முப்பிடாதி இன்னொரு தம்ளரில் காப்பியை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க ஜெயிச்சிட்டிய அண்ணாச்சி" என்றாள். "உங்களை மாதிரி ஒளிஞ்சவங்க இந்தத் தோப்புல யாரும் கெடையாது. தேறிட்டிய. காலையிலேயே எஸ்டேட்டுக்குப் போகலாம்."

மாதக்கணக்கில் அவர் காத்திருந்த சொல் அது. வந்து சேர்ந்தபோது அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"உங்க சத்தம் நின்ன பிறகு ஒரு மாதிரி ஆயிட்டு. யாராவது வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாக்கூட தேவலைன்னு இருந்துச்சு."

முப்பிடாதி காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். அவளுக்குப் பேசவே தெம்பில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"நான் தேடுததை மத்தியானமே விட்டுட்டேன் அண்ணாச்சி. அக்கா வெள்ளிக்கிழமைதான் விடுதாவ."