ஏழாம் வளைவு

குருவுக்கு வயது முப்பத்துநான்கு, சீடருக்கு அறுபத்துமூன்று. கோயம்புத்தூரில் அந்தக் குட்டி ரயில் சங்கத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அங்கே எஞ்சினைப் பார்த்துத்தான் ஆளுக்கு மரியாதை.

குரு மெகர்நிஷா, பம்ப்செட் கம்பெனி ஒன்றில் உதிரிப்பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். சங்கத்தின் மாடி ஹாலைச் சுற்றி ஓடும் தண்டவாளம் முழுக்க அவள் கையால் போட்டது. சீடர் பொன்னுரங்கம் நிஜ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினைத் தன் கையால் செய்துபார்க்க வேண்டும் என்று அவளிடம் வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள், மனிதர் கேட்கவில்லை.

அவருடைய முதல் எஞ்சினில் புகை வந்தது, வரக் கூடாத இடத்திலிருந்து. இரண்டாவது, பின்பக்கமாக மட்டும் ஓடியது. மூன்றாவதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அகலம் குறைந்த பாதையில் ஓடும் நேரோகேஜ் எஞ்சின், கரும்பச்சை நிறம், ஆறு சக்கரம். சனிக்கிழமைப் பரீட்சையில் தேறினால் மறுநாள் கண்காட்சியில் முதல் வண்டியை அதுதான் இழுக்கும். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மெகர்நிஷா எஞ்சினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெயின்ட் நல்லா வந்திருக்குங்க ஐயா. மெதுவா ஊர்ந்து போக விடுங்க."

வேகமாக எந்த எஞ்சினும் ஓடும், மெதுவாக ஓடுவதுதான் கஷ்டம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பொன்னுரங்கம் வேகத்தைக் கூட்டும் திருகியைத் துளித் துளியாகத் திருப்பினார். எஞ்சின் ஒரு சாண் தூரத்தைக் கடப்பதற்குள் செயலாளர் கனகசபாபதி ஒரு டம்ளர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். நடுவில் ஒரு இடத்தில்கூட அது திக்கவில்லை.

"பதினோரு பெட்டியையும் மாட்டுங்க," என்றாள் மெகர்நிஷா.

மாட்டினார். எஞ்சின் கிளம்பியது. ஆறு வளைவைத் தாண்டியது. ஏழாம் வளைவில் முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி வெளிப்பக்கம் சாய்ந்தது.

எடுத்து வைத்து ஓட்டினார்கள். மறுபடியும் அதே இடத்தில் சாய்ந்தது. மூன்று முறை விழுந்தால் தேறவில்லை என்பது சங்கத்தின் விதி.

கனகசபாபதி சிரித்தார். "ஏழாம் வளைவுதானுங்க. ரெண்டு தட்டுத் தட்டி ஓட்டுங்க, போயிரும்."

அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னச் சுத்தியல் மாட்டியிருந்தது. புது எஞ்சின் எது வந்தாலும் அங்கே விழும். உடனே சக்கரங்களை அச்சில் மயிரிழை உள்ளே தள்ளித் தட்டுவார்கள், அப்புறம் விழாது. ஆயுத பூசைக்கு அந்தச் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

பொன்னுரங்கம் சுத்தியலை எடுத்தார். எஞ்சினைக் கவிழ்த்தும் வைத்தார். கை ஓங்கவில்லை.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"சக்கரத்த நாலு தடவ அளந்து போட்டிருக்கேன். நீங்க கொடுத்த அளவுதான், இம்மிகூட மாறல. அளவு சரியா இருந்தும் விழுகுதுன்னா, அப்புறம் அளவு எதுக்குங்க?"

மெகர்நிஷா சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க ஓட்டுன காலத்துல, ஒரு வண்டி வளைவுல தடம் புரண்டா மொதல்ல எதப் பாப்பாங்க?"

"சக்கரத்தப் பாப்பாங்க. லைனையும் அளப்பாங்க. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி சரியா இருக்குதான்னு. வெடுக்குன்னு வளையற எடத்துல ஒரு துளி கூடவே விட்டிருக்கணுங்க."

"இங்க அளந்தீங்களா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"லைன் நீங்க போட்டதுங்களே."

கனகசபாபதி காலி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டார்.

மெகர்நிஷா கைப்பையைத் திறந்து இடைவெளியைச் சரிபார்க்கும், கட்டைவிரல் அளவுள்ள பித்தளை அளவுத்துண்டை எடுத்தாள். தண்டவாளத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஆறு வளைவிலும் அது வழுக்கிக்கொண்டு போனது. ஏழாவதில் நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தாள், இறங்கவில்லை; இடைவெளி குறுகலாக இருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து தன் சிவப்பு எஞ்சினை எடுத்து வந்தாள். சங்கத்தின் முதல் எஞ்சின் அது, பன்னிரண்டு வருடமாக ஒருமுறைகூட விழாதது என்று பேர் வாங்கியது. அதைக் கவிழ்த்து அளந்தாள். சக்கரம் அளவைவிட உள்ளே தள்ளியிருந்தது.

"மொத கண்காட்சிக்கு முந்தின நாளு இது இங்க விழுந்துச்சுங்க ஐயா. சக்கரத்த அளவு தப்பாப் போட்டிருந்தேன், கழட்டி மாத்த நேரமில்ல. லைன உள்ள தள்ளி ஆணி அடிச்சேன். அப்புறமாப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

கனகசபாபதி விரல் விட்டு எண்ணினார். "பத்தொன்பது எஞ்சினத் தட்டியிருக்கறமே அம்மிணி."

"ஆமாங்க சார்."

"இப்பப் போயி லைனப் பிரிச்சா அந்தப் பத்தொன்பதும் விழுமே. நாளைக்குக் கண்காட்சி. ஒரு எஞ்சினுக்காக..."

பொன்னுரங்கம் தன்னால் இத்தனை பேருக்குத் தொந்தரவா என்று கூசிப் போனார். "வேண்டாங்க வாத்தியாரம்மா. நானே தட்டிக்கறேன். ரெண்டு தட்டுதான," என்று குனிந்து சுத்தியலைத் தேடினார்.

அதைக் காணோம். மெகர்நிஷா தரையில் மண்டியிட்டு அதன் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு துளி கூட விடணும்னீங்களே ஐயா. எவ்வளவு?"

அவர் தயங்கினார்.

"எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் ஆணி அடிக்க முடியும்."

பொன்னுரங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பேச்சு தானாக வந்தது. இங்கே கொஞ்சம், அங்கே வேண்டாம், வளைவு தொடங்குகிற இடத்திலிருந்தே விட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார். அவள் சரிங்க சரிங்க என்று கேட்டு அடித்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கனகசபாபதி முணுமுணுத்துக்கொண்டே விளக்கைப் பிடித்தார்.

பச்சை எஞ்சின் மறுபடியும் கிளம்பியது. அன்றைய மூன்றாவது ஓட்டம், இதில் விழுந்தால் முடிந்தது. பொன்னுரங்கம் திருகியை மெகர்நிஷாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நடந்தார். ஆறாவது வளைவு போயிற்று. ஏழாவதில் முன்சக்கரம் நுழைந்தது, நடுச்சக்கரம் நுழைந்தது, பின்னாலேயே பதினோரு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வெளியே வந்தன. தாண்டியதும் உள்ள ஏற்றத்திலும் அது மூச்சு வாங்கவில்லை.

மாடியில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். கனகசபாபதி எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். பொன்னுரங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார். நிஜ ரயிலை எத்தனையோ ஊருக்கு ஓட்டியிருக்கிறார், ஒரு வண்டிக்காக அவர் அழுதது அன்றுதான். வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நாலு சுற்று ஓடியது. அஞ்சாவதை யாரும் கேட்கவில்லை, அவரே ஓட்டினார்.

"நாளைக்கு இது ஒண்ணுதான் ஓடும்போல இருக்குது," என்றார் கனகசபாபதி.

"ஒண்ணாவது ஓடுதுங்களே சார்," என்றாள் மெகர்நிஷா.

பச்சை எஞ்சினை நிறுத்தி, தன் சிவப்பு எஞ்சினை அதே பெட்டிகளின் முன்னால் மாட்டினாள். அது பழைய மிடுக்கோடு புறப்பட்டது. ஏழாம் வளைவில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பொத்தென்று இறங்கி நின்றது.

கனகசபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. அதைத் தூக்கி நிறுத்தக் குனிந்தார்.

"தொடாதீங்க ஐயா."

மெகர்நிஷா பரீட்சை நோட்டைத் திறந்தாள். பச்சை எஞ்சினுக்கு நேராக 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வரியில் தன் பெயரை எழுதினாள். பிறகு நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"இனி என்னுது. விழுந்தத விழுந்த மாதிரியே எழுதுங்க, தாட்சண்யம் பாக்காதீங்க."