ஆட்காட்டி கேட்ட "ஆகட்டும்"

ஒரு காட்டிலிருந்த நாவல்கரை ஏரியில் மூக்காயி என்று ஓர் ஆட்காட்டிப் பறவை இருந்தாள். சிவந்த மூக்கு, மஞ்சள் கால், ஊரையே எழுப்புகிற குரல். புலி வந்தாலும் சரி, வேடன் வந்தாலும் சரி, முதலில் பார்ப்பவள் அவள்தான். உடனே "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று கத்திக்கொண்டு வானத்தில் வட்டமடிப்பாள். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்த இனத்துக்கே ஆட்காட்டி என்று பெயர். அந்தக் காட்டில் காவல் என்பது அரசாங்க வேலை. அதை மூக்காயிதான் பார்த்துவந்தாள்.

அரசாங்கம் என்றால் சும்மாவா? அதில் இரண்டு கட்சிகள் இருந்தன. கொம்பு உள்ளவர்களெல்லாம் கொம்புக் கட்சி. அதற்குத் தலைவர் காட்டெருமை கொம்பையா. வால் நீண்டவர்களெல்லாம் வால் கட்சி. அதற்குத் தலைவர் கருங்குரங்கு வாலாயுதம். "எருமைக்கும் வால் உண்டே?" என்று நீங்கள் கேட்கலாம். கட்சியில் சேர்ந்தவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. மான் மட்டும் கொம்பையும் வாலையும் காட்டி இரண்டு கூட்டத்துக்கும் போய், இரண்டு இடத்திலும் புல் தின்றுவிட்டு வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தானே!

அந்தக் காட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. ஆண்டுதோறும் சித்திரை முதல் நாள் காலையில் இரண்டு தலைவர்களும் ஏரிக்கரைப் பாறைமேல் நின்று, ஒரே நேரத்தில் "ஆகட்டும்!" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் காவல் நடக்கும், மதகு திறக்கும், பாதையில் முள் ஒதுக்கப்படும். அந்தச் சொல்லைத் துண்டு போடவும் முடியாது. ஒரு வேலைக்குச் சொன்னால் எல்லா வேலைக்கும் சொன்னதாகத்தான் அர்த்தம். சொல்லாவிட்டால் எல்லா வேலையும் முடங்கிவிடும்.

அந்த ஆண்டு சித்திரை பிறந்தது. தலைவர்கள் பாறைமேல் ஏறினார்கள்.

"கிழக்குக் கரையில எங்க ஆளுங்க புரள ஒரு சேத்துக்குழி வேணும். அதுக்குச் சம்மதிச்சாத்தான் வாயைத் திறப்பேன்!" என்றார் கொம்பையா.

"அதே இடத்துல எங்களுக்கு நாவல் தோப்பு வேணும். அதுக்குச் சம்மதிச்சாத்தான் நான் வாயைத் திறப்பேன்!" என்றார் வாலாயுதம்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே இருவரும் உச்சிப் பொழுதுவரை வாயை மூடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கமாக இறங்கிப் போனார்கள். "ஆகட்டும்" வரவில்லை. காட்டு அரசாங்கம் முடங்கியது.

மூக்காயி முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஏரியின் ஓரத்தில், வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கல் எது, முட்டை எது என்று அவளுக்கே சில நேரம் குழப்பம் வரும். காவல் வேலை இல்லாவிட்டால் நாள் முழுக்க அடைகாக்கலாமே! அவளும் கணவன் மஞ்சக்காலனும் முறை வைத்து முட்டைமேல் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் மலைமேல் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஓடைகள் ஏரிக்குள் கொட்டின. தண்ணீர் மெல்ல மெல்லக் கரையேறியது. காலையில் முட்டைகளுக்குப் பத்துச் சாண் தள்ளி இருந்த தண்ணீர், மாலையில் ஆறு சாணில் நின்றது.

மற்ற ஆண்டுகளில் இப்படி நடக்காது. கரையில் ஒரு மதகு உண்டு. அதன் வாயை ஒரு கனத்த கட்டை அடைத்திருக்கும். மழை வந்தால் நீர்நாய் முங்கிப்போய் அந்தக் கட்டையை உருவிவிடும். மிஞ்சிய தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். தண்ணீருக்கு அடியில் போய்க் கட்டையை உருவும் வித்தை நீர்நாய்க்கு மட்டும்தான் தெரியும்.

மூக்காயி நீர்நாயிடம் பறந்தாள். அது மதகின்மேல் மல்லாந்து கிடந்தது.

"அண்ணே, கட்டையை உருவு! தண்ணி ஏறிக்கிட்டே வருது!"

"நான் என்ன செய்யட்டும் தாயி? சொல்லு வரலையே! சொல்லு வராம நான் கட்டையைத் தொட்டா, ஏரித் தண்ணிய வீணாக்கினவன்னு ரெண்டு கட்சியும் என் தலையில பழியைப் போடும். இதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருப்பாங்க!"

அது சொன்னதும் நியாயம்தான். மூக்காயி கொம்பையாவிடம் ஓடினாள்.

"ஐயா, என் முட்டை முழுகப்போகுது!"

"ஐயோ பாவம்!" என்று கொம்பையா கண்ணீர்விட்டார். "எல்லாம் அந்த வால் கட்சியால வந்த வினை. போய் அவங்களைக் கேளு!"

வாலாயுதத்திடம் போனாள்.

"அடடா! பெத்த வயிறு எப்படித் துடிக்கும்!" என்று வாலாயுதமும் வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கொம்புக் கட்சிக்காரங்க பண்ணின அநியாயத்தைப் பாத்தியா? போய் நாலு பேருகிட்டச் சொல்லு!"

கண்ணீர் இரண்டு பக்கமும் வந்தது. அதிலும் தண்ணீர்தான் கூடியது! மூக்காயிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆத்திரப்பட்டு என்ன பயன்? மறுநாள் காலையில் தண்ணீர் மூன்று சாணுக்கு வந்துவிட்டது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு சொல்லுவாங்க," என்றான் மஞ்சக்காலன் சோர்ந்துபோய்.

"நம்ம தலைக்கு மேல இன்னும் போகலை. ஒவ்வொரு சாணும் நமக்குப் பெருசுதான். நீ முட்டையை விட்டு எழுந்திருக்காதே!" என்றாள் மூக்காயி.

அன்று இரண்டு கட்சிகளும் ஏரிக்கரையில் ஒரு பெரிய கூட்டம் போட்டன. மதகு திறக்கவா? அதுதான் இல்லை! முடக்கத்துக்குக் காரணம் யார் என்று முடிவு கட்டுவதற்கு. முயல்களின் வளைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. முள்ளம்பன்றி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தலைவர்கள்மேல் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. பழி தன்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு தலைவர்களுக்கும் கவலை.

"நீதான் காரணம்!" என்று கொம்பையா காலால் மண்ணைக் கிளறினார்.

"நீதான் காரணம்!" என்று வாலாயுதம் கிளையை உலுக்கினார்.

இப்படியே ஒரு நாழிகை போயிற்று. வாலாயுதத்துக்கு ஒரு யோசனை வந்தது.

"நாம ஏன் கத்தணும்? நம்மகிட்டத்தான் ஆட்காட்டி இருக்காளே! ஆளைக் காட்டுறதுதானே அவ வேலை? குத்தம் செஞ்ச ஆளை அவளே காட்டட்டும்!"

"நல்ல யோசனை! கூப்பிடு அவளை!" என்றார் கொம்பையா. என் வீட்டில் அழுதுவிட்டுப் போனவள் என்னையா காட்டுவாள் என்று இருவரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

மூக்காயி பாறைமேல் வந்து உட்கார்ந்தாள். ஆளைக் காட்டுவதுதானே உன் வேலை என்று வாலாயுதம் அவளிடமும் சொன்னார். ஒரு கணம் ஏரிக்கரையைப் பார்த்தாள். மஞ்சக்காலனுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரே ஒரு சாண்தான் இருந்தது. அப்போதுதான் வாலாயுதம் சொன்ன வார்த்தை அவள் காதில் மறுபடி கேட்டது. ஆளைக் காட்டுவது அவள் வேலை!

"தாராளமாக் காட்டுறேன்!" என்றாள் மூக்காயி. "யாரு குத்தம்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்த இடத்துலயே காட்டிடுறேன்."

"காட்டு! காட்டு!" என்று கூட்டம் கத்தியது.

"ஆனா ஒண்ணு. ஆளைக் காட்டுறது என் அரசாங்க வேலை. வேலைதான் முடங்கிக் கிடக்கே! சொல்லு வராம நான் வேலை பாத்தா அது சட்ட விரோதம் இல்லையா? தலைவருங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷமே காட்டுறேன்."

வாலாயுதம் தலையைச் சொறிந்தார். "இதுல ஏதோ..." என்று இழுத்தார்.

"ஆளைக் காட்டினா யாருக்குப் பயமோ, அவங்க சொல்ல வேண்டாம்," என்றாள் மூக்காயி. "நான் யாரையும் வற்புறுத்தலை."

அவ்வளவுதான்! கூட்டம் முழுவதும் தலைவர்களைத் திரும்பிப் பார்த்தது. யாருடைய வாய் அடைத்துக்கொள்கிறது என்று பார்த்தது.

"எனக்கென்ன பயம்?" என்று கொம்பையா உறுமினார்.

"எனக்கு மட்டும் பயமா?" என்று வாலாயுதம் குதித்தார்.

எதிராளி முந்திவிடக் கூடாது என்ற அவசரத்தில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள்:

"ஆகட்டும்!"

பாறையில் மோதி அந்தச் சொல் ஏரி முழுக்க எதிரொலித்தது.

"சொல்லு வந்துடுச்சு!" என்று நீர்நாய் துள்ளி எழுந்தது. அடுத்த நொடி தொபுக்கென்று தண்ணீருக்குள் பாய்ந்தது. "மதகுக்கும் சேர்த்தா?" என்று கொம்பையா கேட்டு முடிப்பதற்குள், கட்டை ஏரியின்மேல் மிதந்து வந்துவிட்டது. தண்ணீர் சளசளவென்று பள்ளத்தை நோக்கி ஓடியது.

எலிகள் பாதையில் முள் ஒதுக்கக் கிளம்பின. முயல்கள் வளைக்குத் திரும்பின. கூட்டம் பாதியாகக் கரைந்தது.

"ஏய், நில்லு! ஆளைக் காட்டிட்டுப் போ!" என்று தலைவர்கள் இருவரும் சேர்ந்து கத்தினார்கள். அன்று அவர்கள் சேர்ந்து கத்தியது அது இரண்டாவது முறை.

மூக்காயி சிறகை விரித்துக்கொண்டே திரும்பினாள். "ஆட்காட்டி காட்டுறது வரப்போற ஆபத்தை ஐயா! அதைத்தான் நான் நேத்தே ரெண்டு பேருக்கும் வந்து காட்டினேன். நீங்கதான் பாக்கலை!"

சொல்லிவிட்டு ஒரே பாய்ச்சலாக முட்டைகளிடம் போனாள். தண்ணீர் இரண்டு விரற்கடை தூரத்தில் வந்து நின்றிருந்தது. மஞ்சக்காலன் நனைந்த காலோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் கீழே இறங்கியது. மூக்காயி நான்கு முட்டைகளையும் மூக்கால் தொட்டுப் பார்த்தாள். நான்கும் வெதுவெதுப்பாக இருந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தலைவர்கள் சும்மா இருப்பார்களா? "மதகைத் திறக்க முதல்ல ஆகட்டும் சொன்னது நான்தான்!" என்று ஒருவரும், "இல்லை, நான்தான்!" என்று மற்றவரும் அன்று மாலையே தொடங்கிவிட்டார்கள். சேற்றுக்குழியா, நாவல் தோப்பா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை. தீராவிட்டால் போகட்டும். வழக்கு ஒரு பக்கம் நடந்தது, வேலை ஒரு பக்கம் நடந்தது. காட்டுக்கு அது போதுமாக இருந்தது. மான் மட்டும் கூட்டங்கள் குறைந்துவிட்டனவே என்று வருத்தப்பட்டது.

வைகாசியில் ஒரு காலை, நான்கு குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. வந்த நாளிலேயே கூழாங்கற்களுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடின. மூக்காயியும் மஞ்சக்காலனும் அவற்றின் பின்னால் ஓடி ஓடிக் களைத்துப்போனார்கள்.

வெள்ளம் ஏறும்போது பழி யாருக்கு என்று தேடி நிற்பவன் மூடன். முதலில் மதகைத் திறக்க வழி தேடுபவனே அறிவாளி.