ராஜாவுக்கு நல்ல சத்தம்

கொடிக்கால்பட்டணத்து ராஜா ஏழுமலை ராயருக்கு யானை உண்டு, சேனை உண்டு, குறட்டையும் உண்டு. சாமானியக் குறட்டை இல்லை. 'கொர்ர்ர்ர்' என்று அவர் மூச்சை இழுத்தால் ஜன்னல் திரை உள்ளே வரும். 'புஸ்ஸ்ஸ்' என்று விட்டால் வெளியே போகும். ஊர் பூராவும் இதைச் சொல்லிச் சிரிப்பது அவருக்கும் தெரியும். அதனால் அவர் காதுபட 'சத்தம்' என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட சபைக்கு ஒரு தூரதேசத்துக்காரனைக் கூட்டி வந்தான் குப்பாண்டி. சபையைச் சிரிக்க வைப்பது குப்பாண்டியின் உத்தியோகம். காக்காயிலிருந்து தளபதி வரை எவர் குரலையும் அச்சாகப் பேசிக் காட்டுவான்.

"இவன் ஸ்லோவாக் தேசத்து ஆளு, மன்னா. விரிசல் விட்ட பானைக்குக் கம்பி கட்டுறதுல கெட்டிக்காரன். பேரு யானோ."

"யானையா?"

"யானோ, மன்னா. உருவத்துல மட்டும்தான் யானை."

யானோ தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். ராஜாவைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக என்னவோ சொன்னான். "மெனோ... தோப்ரீ ஸ்வுக்!"

"என்ன சொல்றான்?"

முன்னால் வந்தார் துபாசி வைத்தியலிங்கம். அரண்மனையில் மொழிபெயர்ப்பு அவர் வேலை. பத்து நாளில் யானோவிடம் நூறு சொல் கற்றுக்கொண்டு, மூக்கில் பேச ஆரம்பித்திருந்தார். குப்பாண்டியை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்தவர்.

"சொன்னா மனசு வருத்தப்படுவீங்க, மன்னா."

"சொல்லும்யா!"

"மெனோன்னா பேரு. தோப்ரீன்னா நல்ல. ஸ்வுக்குன்னா..." குரலைத் தாழ்த்தினார். "சத்தம். 'எங்க ஊர்ல உங்க பேருக்கு நல்ல சத்தம்' என்கிறான்."

சபையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். ராஜாவின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது.

"அவ்வளவு தூரத்துக்கா கேட்குது? கடல் தாண்டியா? டேய்! இவனுக்கு ஆயுசு பூரா பாதாளச் சிறை. கூட்டிட்டு வந்தவனுக்கும்தான்!"

"மன்னா, அவர் தப்பா மாத்திட்டாரோ என்னவோ..." என்றான் குப்பாண்டி.

"சொல்லுக்குச் சொல் அதுதான், மன்னா!" என்றார் துபாசி மூக்கால்.

குப்பாண்டி ஓரக்கண்ணால் பார்த்தான். யானோ இன்னும் சிரித்துக்கொண்டு நின்றான், பாவம். சிரித்துக்கொண்டே யாராவது வசை பாடுவார்களா? எதையோ மெச்சித்தான் பேசியிருக்கிறான். எதை?

குப்பாண்டி அவன் பக்கம் திரும்பிக் கையை விரித்தான். "ஸ்வுக்?"

யானோ சபைக் கோடியிலிருந்த தண்ணீர்ப் பானையைச் சுண்டினான். 'கணீர்!' "தோப்ரீ ஸ்வுக்!" என்று பானையைக் கட்டிக்கொண்டான். தன் மூட்டையிலிருந்து ஒரு விரிசல் பானையை எடுத்துச் சுண்டினான். 'டொப்.' மூக்கைச் சுளித்தான். பிறகு ராஜாவைக் காட்டி மறுபடியும், "தோப்ரீ ஸ்வுக்!"

குப்பாண்டிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னால் ராஜா நம்பவேண்டுமே.

"மன்னா, சிறைக்குப் போற முன்னாடி ஒரே ஒரு ஆசை. அவன் ஊர்ச் சொல்லை நாம கேட்டாச்சு. நம்ம ஊர்ச் சொல் ஒண்ணை அவனும் கேட்டுட்டுப் போகட்டும். 'எங்க ராஜா பேர்போன ராஜா.' துபாசியார் இதைச் சொல்லுக்குச் சொல் மாத்தணும்."

"இது என்ன பிரமாதம்?" துபாசி விரல்விட்டு எண்ணினார். "பேரு, மெனோ. போச்சு, ஒதிஷ்லோ." யானோவைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டு முழங்கினார். "மெனோ ஒதிஷ்லோ!"

யானோவின் சிரிப்பு அணைந்தது. தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டான். கண் கலங்கியது. ராஜாவிடம் என்னென்னவோ கேட்டான். குனிந்து சிம்மாசனத்துக்கு அடியில் பார்த்தான்.

"என்னய்யா தேடுறான்?"

துபாசிக்கு வேர்த்துக் கொட்டியது. "'ஐயோ பாவம், எப்பப் போச்சு?'ன்னு கேட்கிறான், மன்னா."

"எது?"

"உங்க... பேரு."

யானோ இன்னொன்றும் கேட்டான்.

"அது என்ன? முழுங்காம சொல்லும்!"

"'யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?'ன்னு..."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா எழுந்தேவிட்டார். "பேர்போனன்னா பெரும் புகழ்னு அர்த்தம்யா! அதைப் போய் எவனாவது பேர் காணாமப் போச்சுன்னு மாத்துவானா?"

"சொல்லுக்குச் சொல் அதுதான், மன்னா!" என்று துபாசியின் மூக்குக் குரலிலேயே பதில் சொன்னான் குப்பாண்டி.

ராஜா வாய் திறந்தபடி நின்றார். "அடேய்... அப்போ அந்தச் சத்தம்?"

"பானை நல்லதான்னு தட்டித்தானே மன்னா பார்க்கிறோம்? கணீர்னு கேட்டா நல்ல பானை. அவங்க ஊர்ல மனுஷன் பேரையும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க பேரைச் சொன்னா அங்கே கணீர்னு இருக்காம்."

ராஜாவின் மீசை மெதுவாக மேலே போனது. கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். யானோவிடம் நீட்டப் போகும்போது துபாசி குறுக்கே விழுந்தார்.

"மன்னா, ஏமாந்துடாதீங்க! நாம சொல்றது பேர் போறதை. அவன் சொல்றது சத்தம் கேட்கிறதை. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

மாலை நடுவழியில் நின்றது. சபையே குப்பாண்டியைப் பார்த்தது.

"ஒண்ணேதான், துபாசியாரே. இங்கேயிருந்து போச்சே மகாராஜா பேரு... அது அங்கே போய் இறங்கின சத்தம்தான் அது!"