மைனா கொடுத்த குரல்

ஒரு காட்டில், மருத மரங்கள் நிழல் விரித்த ஓடைக்கரையில், விலங்குகளும் பறவைகளும் படிக்கும் உயர்நிலைப் பள்ளி இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியர் ஒரு கிழ யானை. அவருக்குக் கண் மங்கல். காது மட்டும் கூர்மை. அதனால் பெயர் கூப்பிடும்போது யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் போதும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

கடைசி வரிசையில், புதர் மறைவில் உட்காருவது சருகுமான். கூச்சக்காரி. அதற்கு மேலே கிளையில் மைனா. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும் கெட்டிக்காரி. இரண்டும் தோழிகள்.

திங்கட்கிழமை காலை, சருகுமான் வழியில் மைனாவைப் பிடித்தது.

"மலைக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டில் இலுப்பைப் பூ கொட்டிக் கிடக்கிறதாம். போய்விட்டு நாளைக்கு வந்துவிடுகிறேன். எனக்காக ஓர் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடடி."

"உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிந்தால் விடுவாளா?"

"ஒன்று என்ன, ஒன்பது சொல்கிறேன் போ!" என்றது மைனா.

சருகுமான் குறுக்குப் பாதையில் துள்ளி ஓடியது. அங்கே, எப்போதோ மனிதர்கள் யானை பிடிக்க வெட்டிய குழி ஒன்று சருகு மூடிக் கிடந்தது. சருகின் மேல் நடந்தே பழகிய கால்கள் சந்தேகப்படவில்லை. சருகுமான் குழிக்குள் விழுந்தது. கால் ஒடிந்தது.

அதே நேரத்தில் வகுப்பில் யானை கூப்பிட்டார். "சருகுமான்!"

"உள்ளேன் ஐயா" என்று மெல்லிய குரல் வந்தது. அதே கூச்சம், அதே இழுப்பு. கடைசி வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மறுநாள் குறுக்குப் பாதையில் கீரி வந்தது. அது முதல் வரிசைக்காரன். எதற்கும் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும் புத்திசாலி.

"யாராவது வாருங்களேன்!" தரைக்குள்ளிருந்து சருகுமானின் குரல் கேட்டது.

கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியரிடம் சொல்ல மூச்சிரைக்க ஓடியது. வகுப்பில் அது கால் வைக்கவும், "சருகுமான்!" என்று அவர் கூப்பிடவும் சரியாக இருந்தது.

"உள்ளேன் ஐயா."

கீரி அப்படியே நின்றது. 'சருகுமான் இங்கே இருக்கிறாள். அப்படியானால் குழிக்குள் கத்தியது மைனாதான். என்னையே ஏமாற்றப் பார்த்தாளா!' ஏமாந்ததை வெளியே சொன்னால் வெட்கம். கீரி வாயைத் திறக்கவில்லை.

கிளையில் மைனாவோ, 'இலுப்பைப் பூ நன்றாக இனிக்கிறது போலிருக்கிறது, இன்னும் வரவில்லையே' என்று சிரித்துக்கொண்டது.

புதன்கிழமை குழியருகே வந்ததும் கீரி முந்திக்கொண்டது.

"போதும் மைனா! இன்றைக்குச் செய்யுள் ஒப்பிக்க வேண்டும். மேலே வா."

"நான் மைனா இல்லை, சருகுமான். என் கால் ஒடிந்துவிட்டது."

"அதையும் அவள் குரலில்தானே சொல்வாய்?"

"சத்தியமாக நான்தான். ஒரு தடவை எட்டிப் பாரேன்!"

"எட்டிப் பார்த்தால் மூக்கைக் கொத்தவா? யாரிடம் கதை விடுகிறாய்!"

ஒரு தாவு தாவியிருந்தால் பார்த்திருக்கலாம். கீரி வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று மைனா செய்யுளை இரண்டு முறை ஒப்பித்தது. தன் குரலில் தட்டுத் தடுமாறி. சருகுமானின் குரலில் ஒரு பிழை இல்லாமல்.

"சருகுமானுக்கு முழு மதிப்பெண்!" என்று யானை காதுகளை விசிறினார்.

பள்ளி விட்டதும் தாய்மான் ஓடி வந்தது. "ஐயா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்த பிள்ளை வீடு திரும்பவில்லை. காடெல்லாம் தேடிவிட்டேன்."

"என்னம்மா இது! மூன்று நாளும் வகுப்பில் இருக்கிறாள். சற்று முன்புதான் செய்யுள் ஒப்பித்தாள், அத்தனை அழகாக! தேர்வு நேரம். யாராவது தோழி வீட்டில் தங்கிப் படிப்பாள்."

தாய்மான் நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "என் பிள்ளையா ஒப்பித்தாள்? நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டாளே! சரி ஐயா, படிக்கட்டும்."

அது போன பிறகு கடைசி வரிசை அணில் மைனாவின் காதைக் கடித்தது. "அந்த அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லேன்."

"சொன்னால் நாளைக்கு எனக்கு முட்டி போடும் தண்டனை. அவள் சித்தி வீட்டில் பூத் தின்றுகொண்டிருக்கிறாள். தோழியைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா?"

அணில் அடுத்த கிளைக்குத் தாவிப் போய்விட்டது.

வியாழக்கிழமை விளையாட்டு வகுப்பு. சடுகுடு அணியில் சருகுமானின் பெயர் வந்தபோது, "கால் வலிக்கிறது ஐயா" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாவம், உட்கார்ந்துகொள்" என்றார் யானை. கடைசி வரிசை குலுங்கிச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றக் கூட்டம். காலையில் தோழிக்கு 'உள்ளேன்' சொல்லி முடித்த மைனா, மேடைக்குக் கொன்றைப் பூப் பறிக்கக் குறுக்குப் பாதைப் பக்கம் பறந்தது.

"அம்மா..." என்று ஒரு குரல் கேட்டது.

மைனாவின் அலகிலிருந்து பூ விழுந்தது. இந்தக் காட்டில் அந்தக் குரலில் பேசத் தெரிந்தது இரண்டே பேருக்குத்தான். மைனாவோ இப்போது வாயைத் திறக்கவில்லை.

அது குழிக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்ததும் அலறிக்கொண்டே பள்ளிக்குப் பறந்தது.

"ஐயா! சருகுமான் குழிக்குள் கிடக்கிறாள்! இத்தனை நாளும் உங்களுக்குப் பதில் சொன்னது நான்தான்!"

யானையின் தும்பிக்கை துவண்டு தரையில் விழுந்தது. "அப்படியானால் நான் யாருக்கு முழு மதிப்பெண் போட்டேன்?"

கீரி மைனாவின் பக்கம் திரும்பியது. "குழிக்குள் இருந்தது... நீ இல்லையா?"

யானை பிளிறிக்கொண்டு ஓடினார். கரையை இடித்துச் சரிவாக்கிக் குழிக்குள் இறங்கினார். தும்பிக்கையில் ஏந்திக் கொண்டுவந்தபோது சருகுமானின் உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

பிளிறல் கேட்டுத் தாய்மான் வந்துவிட்டது. மைனா அதன் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னது. தாய்மான் திட்டவில்லை. பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை நக்கித் துடைத்தது. பிறகு நிமிர்ந்து மைனாவைப் பார்த்தது.

"அவள் குரல் உனக்கு அப்படியே வருமாமே," என்றது. "எனக்காக ஒரே ஒரு தடவை, 'அம்மா' என்று கூப்பிடேன்."

மைனா அலகைத் திறந்தது. குரல் வரவில்லை.

நீதி: தோழியைக் காப்பாற்றச் சொல்லும் பொய், அவளைத் தேடி வரும் கால்களையும் கட்டிப்போட்டுவிடும்.