கழுவாத துண்டு

“என் செல்கள் மட்டும் நகரவே மாட்டேங்குது மேடம். நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிடறேன்.”

சொன்னவள் டாக்டர் அமலோற்பவம். ஐம்பது தாண்டியவள். மூளை அறுவையில் பேர் வாங்கியவள். எதிரே உட்கார்ந்திருந்த நப்பின்னை அவளைவிட மிகவும் இளையவள். ஆனாலும் இந்த ஆய்வுக்கூடத்தில் அவள்தான் குரு.

முன்பு ஆஸ்பத்திரியில், மூளையில் மடிப்பே விழாமல் பிறந்த குழந்தை ஒன்றை ஏந்தியபடி ஒரு தாய் அவளிடம் கேட்டிருந்தாள்: “ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?”

அமலோற்பவத்துக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இங்கே மாணவியாக வந்து சேர்ந்தாள்.

இன்னும் பிறக்காத எலிக்குஞ்சின் மூளையை மெல்லிய துண்டாக நறுக்கி, உயிர் போகாமல் காக்க வேண்டும். அந்தத் துண்டுக்குள் புதிதாய் உருவான நரம்புச் செல்கள் அடியிலிருந்து மேற்பரப்பை நோக்கி ஏறும். அப்படி ஏறினால்தான் மனித மூளையில் மடிப்பு விழும். மற்றவர்களின் துண்டுகளில் ஏறின. அவளுடையதில் உருவான இடத்திலேயே கிடந்தன.

“ராசியில்லாத கை,” என்றாள்.

நப்பின்னை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள்.

“நறுக்கினதும் என்ன செய்றீங்க?”

“கழுவறேன்.”

“எதுல?”

“என்சைம் கலந்த தண்ணியில. செல்லுக்கு நடுவுல பிசின் மாதிரி அப்பிக்கிட்டிருக்குமே, அது கரையற வரைக்கும். அப்பதான் படம் பளிச்சுன்னு விழுது. ஆபரேஷன் தியேட்டர் பழக்கம் மேடம், அழுக்கு இருந்தா கை ஓடாது.”

நப்பின்னை எழுந்தாள். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

“இன்னைக்கு அப்படியே வைங்க.”

“கலங்கலா இருக்குமே?”

“இருக்கட்டும்.”

கலங்கலாகத்தான் இருந்தது. அமலோற்பவம் சாப்பாட்டையும் மறந்து நுண்ணோக்கியின் திரைமுன் உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்குமேல், ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களில் ஒன்றான ஒரு பச்சைப் புள்ளி மெல்லிய கால் ஒன்றை முன்னே நீட்டியது. பின்னாலேயே உடலை இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. முன்பே வந்து படுத்திருந்த செல்களையும் தாண்டி மேலே போனது.

“மேடம்! ஏறுது, ஏறுது!”

நப்பின்னை ஓடி வந்தாள்.

“எதுக்குள்ள புகுந்து ஏறுது, பாருங்க.”

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அந்தப் பிசினுக்குள்ள...” இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நப்பின்னை பயந்தாள். கையை எடுத்தபோது கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். “அழுக்குன்னு நினைச்சேனே!”

“எல்லாம் புரதம் டாக்டர். லேமினின், ரீலின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. ரீலினைச் சுரக்கிறது மேல் விளிம்புல இருக்கிற செல்கள். ஏறி வர்ற செல் எங்க போய்ச் சேரணும்னு காட்டுறது அதுதான்.”

வெயில் இறங்கியது. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே பச்சைப் புள்ளி நின்றது. நீட்டிய காலை இழுத்துக்கொண்டது. அதன்பின் அசையவே இல்லை.

அமலோற்பவம் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

“நின்னுபோச்சே மேடம்! என்ன ஆச்சு அதுக்கு?”

“ஒண்ணும் ஆகலை,” என்றாள் நப்பின்னை. “வந்து சேர்ந்துடுச்சு.”