சாக்கடைக் கழுதைக்குப் பதினெட்டுச் சாவடி

நெல்லிமாநகரை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு ஊர் நிர்வாகம் என்றால் உயிர். சாக்கடைக்கு ஒரு சாவடி, தெருவிளக்குக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று மொத்தம் பதினெட்டுச் சாவடிகளைக் கட்டிவிட்டார். சாவடிக்கு ஒரு அதிகாரி. பதினெட்டுப் பேரும் மந்திரி தாண்டவராயரின் மாப்பிள்ளை, மச்சான், சகலை வகையறா. வேலை நடக்கிறதோ இல்லையோ, மத்தியானம் அரண்மனைச் சாப்பாட்டுக்கு மட்டும் டாணென்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எந்தக் காரியத்துக்கு எந்தச் சாவடி என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத் தாண்டவராயர் ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருந்தார். நானூறு ஓலை! படித்து முடிப்பதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாள் ஆப்பக்கடைப் பொன்னுத்தாயி சபைக்கே வந்து ஓவென்று அழுதாள்.

"மகாராஜா! என் கடைவாசல் சாக்கடையில ஒரு கழுதை விழுந்து பத்து நாளாச்சு. சாக்கடைச் சாவடிக்குப் போனேன். 'சாக்கடை எங்களது, கழுதை எங்களது இல்லை'ன்னாங்க. மாட்டுச் சாவடிக்குப் போனேன். 'கொம்பு இருக்கா?'ன்னாங்க. இல்லைன்னேன். சலவைச் சாவடிக்குப் போகச் சொன்னாங்க. அங்க போனா, 'முதுகுல துணி மூட்டை இருந்தாத்தான் எங்க கணக்கு'ங்கறாங்க! அந்தப் பாழாப்போன கழுதை கத்துற கத்துல ஒருத்தரும் கடைக்கு வரலை. ஆப்பம் போட்டாத்தான் வாயை மூடுது. இன்னும் நாலு நாள் இப்படிப் போனா, நான் கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்!"

சபையில் இருந்த அம்பலவாணனுக்கு வாய் சும்மா இருக்குமா? ராஜாவைச் சிரிக்க வைப்பதே அவனுடைய உத்தியோகம்.

"மந்திரியார் எழுதிய வழிகாட்டி இருக்கும்போது என்ன கவலை, மகாராஜா? நானூறு ஓலையையும் சாக்கடைக்குள் அடுக்கினால், கழுதை அதன்மேல் ஏறி வெளியே வந்துவிடாதா!"

சபை கொல்லென்று சிரித்தது. தாண்டவராயருக்கு முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"மகாராஜா! இவ்வளவு பேசுகிறவன் தானே ஒரு வழிகாட்டி எழுதட்டும். ஒரே ஓலையில்! நாளைப் பொழுது சாய்வதற்குள் கழுதை வெளியே வராவிட்டால், இவன் மீசையைச் சிரைத்து அதே கழுதைமேல் ஏற்ற வேண்டும்!"

"சாக்கடைக்குள் கிடக்கிற கழுதைமேல் எப்படி ஐயா ஏறுவது?" என்றான் அம்பலவாணன்.

"இறங்கி ஏறு!" என்றார் ராஜா. அவருக்கு ஏக குஷி. "அப்படியே ஆகட்டும்!"

அம்பலவாணன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் விளக்கெண்ணெய் தடவி வளர்த்த மீசை! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே போனான். கூடவே வந்த பொன்னுத்தாயியைக் கேட்டான், "ஏம்மா, நீ கொடுத்த மனுவைச் சாவடிக்காரர்கள் படித்தார்களா?"

"எங்கே ஐயா! தலையைக்கூடத் தூக்கலை. வாங்கினாங்க, ஒரு வரி கிறுக்கினாங்க, முத்திரை குத்தித் தூக்கிப் போட்டாங்க."

அம்பலவாணன் நடையை நிறுத்தினான். மீசையிலிருந்து கையை எடுத்தான்.

மறுநாள் காலையில் ஒரு புது மனுவோடு கிளம்பினான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது சொல்லமாட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சாக்கடைச் சாவடி. அதிகாரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஓலையை வாங்கினார். "இது எங்கள் வேலை அல்ல. அடுத்த சாவடிக்குப் போகவும்" என்று கிறுக்கி முத்திரை குத்தினார். அடுத்தது மாட்டுச் சாவடி. அதே வரி, ஒரு கொட்டாவியோடு. விளக்குச் சாவடி அதிகாரி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார். பதினெட்டுச் சாவடியிலும் ஒரு புண்ணியவானாவது படித்தானா என்றால், ஊஹூம்!

மத்தியானம் அரண்மனையில் பதினெட்டு வாழையிலை போட்டாகிவிட்டது. ராஜாவும் தாண்டவராயரும் மேற்பார்வை. பருப்பு வாளி வரும்போது அம்பலவாணன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"நிறுத்துங்கள்! மகாராஜா, இவர்களுக்குப் பரிமாறினால் சாவடி விதியை மீறியதாகும்!"

"என்னடா உளறுகிறாய்?"

"என் மனுவைக் கேளுங்கள். 'ஐயா, அரண்மனையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவது உங்கள் சாவடியின் வேலையா?' இதுதான் கேள்வி. பதினெட்டுப் பேரும் 'இது எங்கள் வேலை அல்ல' என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்கள்!"

"ஐயையோ! நாங்கள் அதைப் படிக்கவே இல்லை மகாராஜா!" என்று சாக்கடை அதிகாரி அலறினார். தாண்டவராயர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓகோ, படிக்கவே இல்லையா?" ராஜா மீசையை முறுக்கினார். "அம்பலவாணா, இப்போது என்ன செய்யலாம்?"

"கையில் இருக்கிற மனு முடிந்தால் சாப்பாடு. இன்றைக்குக் கழுதை மனு. முடியாவிட்டால் இலையை எடுத்துவிடலாம்."

"அதுவே இனி தினமும் சட்டம்!" என்றார் ராஜா.

அப்போது பார்த்துப் பாயச அண்டாவைத் திறந்தார்கள். நெய்யில் வறுத்த முந்திரி வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பதினெட்டுப் பேரும் எழுந்து ஓடினார்கள் பாருங்கள்! யார் சாக்கடை, யார் கழுதை என்று ஒருவரும் கேட்கவில்லை. மாட்டு அதிகாரி சாக்கடைக்குள் குதித்தார். சலவை அதிகாரி வாலைப் பிடித்து உதை வாங்கினார். பாயசம் ஆறுவதற்குள் கழுதை தெருவில் நின்றது. பொன்னுத்தாயி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார்.

தாண்டவராயர் மட்டும் விடவில்லை. "கழுதை வந்தது சரி. வழிகாட்டி எங்கே? எழுதவே இல்லையே!"

அம்பலவாணன் மடியிலிருந்து ஒற்றை ஓலையை எடுத்து நீட்டினான். தாண்டவராயரே உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று:

"எந்தச் சாவடிக்கு வேண்டுமானாலும் போங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள்."