குருசாமி போட்ட பூட்ஸ்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இது தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வழக்கு.

கோயம்புத்தூரில் பம்புக்கு இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்று. அதன் ஃபோர்மேன் குப்புராஜ்தான் அந்த வட்டாரத்துக்கே குருசாமி. சபரிமலைக்கு அவருக்கு இது பதினெட்டாவது வருடம்; பதினெட்டாம் மலைக்காரர்கள் நடும் தென்னங்கன்றைத் தாமும் சன்னிதானத்தில் நட வேண்டும் என்று அத்தனை வருடமாக ஏங்கியவர்.

உருகிய இரும்பை அச்சில் ஊற்றுபவர்கள் இரண்டே பேர், மாரப்பனும் ஜமால்தீனும். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகைக்குப் போவது ஜமால்தீனின் உரிமை என்று முதலாளியும் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மாரப்பன் ஒருவரே ஊற்றுவார். எந்த வம்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகை முதல் தேதி வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது! விடியற்காலையில் குப்புராஜ் தாமும் மாலை போட்டுக்கொண்டு, முதல் தடவை மலைக்குப் போகும் கன்னிசாமியான மாரப்பனுக்கும் போட்டுவிட்டார். சரணம் சொன்ன மும்முரத்தில் இருவருக்கும் பட்டறை ஞாபகமே இல்லை.

மதியம் உலை கொதிக்கிறது. மாரப்பன் வெறுங்காலோடு வந்து நிற்கிறார். மாலை போட்டால் காலில் எதுவும் போடக் கூடாது என்பது சட்டம்; பூட்ஸ் இல்லாமல் உலைப் பக்கம் போகக் கூடாது என்பதும் சட்டம்தான்.

"சாமி, இன்னிக்கு மட்டும் பூட்ஸ் போட்டுக்குங்க" என்றார் குப்புராஜ்.

"மாலை போட்டுவிட்ட நீங்களே இப்படிச் சொல்லலாமுங்களா சாமி? மக பொழைச்சதுக்கு வேண்டுதலுங்க. வெறுங்காலோடவே ஊத்தறேன், ஐயப்பன் பார்த்துக்குவான்."

ஜமால்தீன் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். "நான் நிக்கறேனுங்ண்ணா. ஒரு வாரந்தானே." சொல்லும்போதே முகம் வாடிவிட்டது.

ஒரு வாரமா? மகர ஜோதி வரை ஒவ்வொரு வெள்ளியும் அல்லவா! குப்புராஜுக்குத் தலை கிறுகிறுத்தது. சட்டம் இவன் பக்கமும் இருக்கிறது, அவன் பக்கமும் இருக்கிறது, பூட்ஸ் பக்கமும் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் போய்ச் சாவேன்? இரும்போ காத்திருக்காது. உலைக்குள்ளேயே இறுகினால் உலையே பாழ்.

"ஜமாலு, நீ கிளம்புப்பா" என்றார். தம் மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டினார். பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஒரு காலத்தில் ஊற்றிய பழக்கத்தில் தாமே ஊற்றினார். மகர ஜோதி வரை வெள்ளிக்கு வெள்ளி இனி அவர்தான்; பதினெட்டாவது மலை போயிற்று.

வாசலில் மாரப்பன் அழுதார். "கன்னிசாமிய நடுவழியில விட்டுட்டீங்களே! எனக்கு இனி யாருங்க இருமுடி கட்டுவாங்க?"

விரதத்தை விடாத மாரப்பன், தொழுகையை விடத் துணிந்த ஜமால்தீன், மாலையைக் கழற்றிய குப்புராஜ். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மாரப்பன் பூட்ஸை மறுத்தது சரி, வெறுங்காலோடு ஊற்ற வந்தது தப்பு, கால் வெந்தால் அந்த மகளுக்குத்தான் சோறு இல்லை. ஜமால்தீன் விட்டுக்கொடுக்க வந்தது பெருந்தன்மை. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை ஃபோர்மேனுக்குக் கிடையாது. ஆகையால் குப்புராஜ் செய்ததே சரி என்பேன். மாரப்பனின் கேள்விக்கு மட்டும் எனக்கும் விழி பிதுங்குகிறது. போகட்டும், உரிமை கொடுத்தேன் என்று மார்தட்டிய அந்த முதலாளி இன்னும் ஓர் ஆளைப் பழக்கி வைத்திருந்தால் எந்த மாலையும் கழன்றிருக்காது.